எனக்கென்று வைத்திருந்த இருக்கை

லண்டனில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் எனக்கு ஒரு பட்டம் உண்டு: டிக்கெட் ஜோசியர். ஊருக்குப் போக யார் நினைத்தாலும் முதலில் எனக்குத்தான் மெசேஜ் வரும். “டிசம்பர்ல போகணும், எப்ப போட்டா சீப்பா இருக்கும்?” நானும் சளைக்காமல் சொல்வேன். பள்ளி விடுமுறை ஆரம்பிக்கிற வாரத்தைத் தவிர்த்துவிடு. பொங்கலுக்கு என்றால் ஆகஸ்டிலேயே விலையைக் கவனிக்கத் தொடங்கு. நேராகப் போகாமல் தோஹாவிலோ துபாயிலோ இறங்கி ஏறினால் பெரும்பாலும் காசு மிஞ்சும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதெல்லாம் பழைய கதை, அதற்காகக் கண்விழிக்காதே. ஒருமுறை சென்னைக்குப் போய்வர 412 பவுண்டுக்கு டிக்கெட் பிடித்தேன். அதைக் கொஞ்ச காலம் பரீட்சை மார்க் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் தெருவுக்கே சொன்னார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பிப்ரவரி இரவு, பதினொன்றரை மணிக்கு அக்காவின் போன். ஊரில் அப்போது விடிகாலை ஐந்து மணி. அந்த நேரத்தில் போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். “அப்பா போயிட்டாங்கடா. ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லியாச்சு. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கோம். எப்ப வருவ?”

லேப்டாப்பைத் திறந்தேன். மறுநாள் காலை விமானம், 1,140 பவுண்டு. ஜோசியமெல்லாம் பார்க்கவில்லை. கார்டு எண்ணை அடித்தேன், இரண்டு முறை தப்பாக.

விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. பேத்தியின் காதுகுத்துக்குத் திருச்சிக்குப் போகிறார். அக்டோபரிலேயே மகன் போட்டுக்கொடுத்த டிக்கெட், 430 பவுண்டு என்று அவராகவே சொன்னார். ஒரே விமானம், ஒரே வரிசை, ஒரே தயிர்சாதம். சுற்றிப் பார்த்தேன், ஓர் இடம் காலியில்லை. அப்படியென்றால் நேற்று இரவு நான் வாங்கும்வரை என் இருக்கை மட்டும் எப்படிக் காலியாக இருந்தது? குறைந்த விலைக்கு அதை வாங்க நாலு மாதமாக யாருமே வரவில்லையா?

திரும்பி வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விமானக் கட்டணத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான். பதில் எதிர்பார்த்ததைவிட நேரடியாக இருந்தது. அந்த இருக்கை தற்செயலாகக் காலியாக இருக்கவில்லை. எனக்காகத்தான் வைத்திருந்தார்கள்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எப்போது வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறுவது விமானத்தோடு கூடப்பிறந்த குணம் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து முப்பது வருடங்கள்வரை, நீண்ட தூர டிக்கெட்டுக்கு அநேகமாக விலைப்பட்டியல் என்று ஒன்று இருந்தது. 1945இல் ஹவானாவில் ஐயாட்டா என்கிற விமான நிறுவனங்களின் சங்கம் உருவானது. 1946இல் பெர்முடாவில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி கட்டணத்தை ஐயாட்டா கூட்டங்களில் நிறுவனங்கள் பேசி முடிவுசெய்யும், அரசாங்கங்கள் ஒப்புதல் கொடுக்கும். மற்ற நாடுகளும் இதே வழியில் போயின. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு எந்த நிறுவனத்தில் போனாலும் ஒரே வகுப்புக்கு ஒரே கட்டணம். ஆறு மாதம் முன்னால் வாங்கினாலும் சரி, ஆறு மணி நேரம் முன்னால் வாங்கினாலும் சரி.

விலையில் போட்டி போட முடியாதபோது மனிதர்கள் வேறு எதில் போட்டி போடுவார்கள்? சாண்ட்விச்சில். 1958இல் அட்லாண்டிக் வழித்தடத்தில் எகானமி வகுப்பு வந்தபோது, அதில் பயணிகளுக்கு எளிமையான, விலை குறைந்த, ஆறிய சாண்ட்விச் மட்டும்தான் கொடுக்கலாம் என்று ஐயாட்டா விதி போட்டது. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். தங்கள் ஊர் வழக்கப்படி, மேலே ரொட்டி மூடாத, இறைச்சியும் மீனும் அடுக்கிய சாண்ட்விச்சைக் கொடுத்தது. அது சாண்ட்விச்சே அல்ல, முழுச் சாப்பாடு என்று பான் ஆம் புகார் செய்தது. விசாரணை நடந்து எஸ்.ஏ.எஸ்ஸுக்கு 20,000 டாலர் அபராதம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்குக்கு ஒரு விலை இருந்தது. எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பது நியாயம்தான், அந்த எல்லோரில் சாதாரண ஜனங்கள் பெரும்பாலும் இல்லை. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. என் அப்பாவின் தலைமுறையில் வெளிநாடு போனவர்கள் பலருக்குத் தகப்பன் சாவுக்குத் திரும்பி வருகிற யோசனையே கிடையாது. தந்தி வரும், அங்கேயே குளிப்பார்கள், அவ்வளவுதான்.

மலிவாகப் போக நினைத்தவர்கள் அந்த வேலியில் ஓட்டை தேடினார்கள். ஐஸ்லாந்தின் லொஃப்ட்லெய்டிர் நிறுவனம் ஐயாட்டாவின் கட்டணக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. நியூயார்க்கிலிருந்து ரெய்க்யாவிக் வழியாக லக்ஸம்பர்க்குக்குப் பழைய விமானங்களில் ஆட்களை ஏற்றிப்போனது. வேகமும் குறைவு, விலையும் குறைவு என்று அவர்களே விளம்பரம் செய்தார்கள். அறுபதுகளில் தோள்பையோடு ஐரோப்பா கிளம்பிய அமெரிக்க இளைஞர்களால் அதற்கு ‘ஹிப்பி ஏர்லைன்’ என்றே பெயர் வந்தது.

இன்னொரு ஓட்டை, சங்கங்கள். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காக முழு விமானத்தையே வாடகைக்கு எடுத்தால் கட்டணம் குறைவு. ஆனால் அந்தச் சங்கம் பயணத்துக்காகத் தொடங்கப்பட்டதாக இருக்கக் கூடாது, பயணி அதில் ஆறு மாதமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். விளைவு, ஊரெல்லாம் விநோதமான சங்கங்கள் முளைத்தன. பழைய தேதி போட்ட உறுப்பினர் அட்டைகள் கிடைத்தன. 1971இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ‘இடதுகைச் சங்கம்’ என்ற பெயரில் கிளம்ப நின்ற பயணிகளை அதிகாரிகள் நிறுத்தி விசாரித்தார்கள். வயதானவர்களையெல்லாம் பொய்யர்கள் மாதிரி நிற்கவைத்துக் கேள்வி கேட்டது விமானத்தின் சொந்தக்காரருக்குப் பொறுக்கவில்லை. அவர் பெயர் ஃப்ரெடி லேக்கர். அவரிடம் பிறகு வருகிறேன்.

மூன்றாவது ஓட்டை, லண்டனில் ‘பக்கெட் ஷாப்’ என்று அழைக்கப்பட்ட சின்னச் சின்ன டிக்கெட் கடைகள். விற்காத இருக்கைகளை நிறுவனங்களே இவர்களிடம் பட்டியல் விலைக்குக் கீழே சத்தமில்லாமல் தள்ளிவிடும். சட்டப்படி தப்பு, எல்லோருக்கும் தெரியும், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சோவியத்தின் ஏரோஃப்ளோட் மாதிரி நிறுவனங்கள் மலிவு டிக்கெட்டுக்குப் பேர்போனவை. மாஸ்கோவில் மணிக்கணக்காக உட்கார வேண்டும், பரவாயில்லை என்பவர்கள் அதில் போனார்கள்.

ஏரோஃப்ளோட் என்றதும் இலங்கைத் தமிழர்களைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1983 ஜூலைக்குப் பிறகு தப்பித்து ஓடியவர்களில் பலர் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். பெர்லினின் பிரிவினையை மேற்குத் தரப்பு எல்லையாக ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. 1985இல் கிழக்கு ஜெர்மனி, விசா இல்லாத தமிழர்களுக்கு இந்த வழியை அடைத்தது. அவர்களில் யாரும் மூன்று மாதம் முன்னால் தேதி பார்த்து வைத்தவர்கள் அல்ல. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. மலிவு டிக்கெட்டும் திட்டமிடுதலும் ஒன்றோடொன்று கட்டப்படாத காலம் ஒன்று இருந்தது.

*

கட்டப்பட்டது 1977இல் என்று சொல்லலாம். அந்த ஒரே வருடத்தில், ஒரே கேள்விக்கு இரண்டு எதிரெதிர் பதில்கள் வந்தன. கேள்வி இதுதான்: விமானம் எப்படியும் பறக்கப் போகிறது, காலி இருக்கையை மலிவாக யாருக்குக் கொடுப்பது?

முதல் பதில் லேக்கருடையது. கேன்டர்பரியில் பிறந்தவர். ஷார்ட் பிரதர்ஸ் விமானத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கி டீ போட்டுக்கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். 1948இல் பெர்லின் முற்றுகையின்போது பழைய விமானங்களை வைத்துச் சரக்கு ஏற்றிச் சம்பாதித்தார். இடதுகைச் சங்க விவகாரத்துக்குப் பிறகு அவர் யோசித்தது, ரயில் மாதிரி ஒரு விமானம். முன்பதிவே கிடையாது. அன்றைக்கு வா, வரிசையில் நில், காசைக் கொடு, ஏறு. சாப்பாடு வேண்டுமென்றால் தனிக்காசு. பெயர் ‘ஸ்கைட்ரெயின்’. 1971இல் அனுமதி கேட்டார். கொடுத்த அனுமதியை அரசாங்கம் பிடுங்கப் பார்க்க, கோர்ட்டுக்குப் போய் அரசாங்கத்தையே ஜெயித்தார். 1977 செப்டம்பர் 26 அன்று கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு முதல் ஸ்கைட்ரெயின் கிளம்பியது. 59 பவுண்டு. அன்றைய விலைவாசியில் அது அடிமாட்டு விலை. டிக்கெட்டுக்காக ஜனங்கள் நடைபாதையில் போர்வையை விரித்துப் படுத்துக் காத்திருந்தார்கள்.

லேக்கரின் முறையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே கடைசி நேரத்தில் வருகிறவனுக்குத்தான் மலிவு. கொடுக்க வேண்டியது காசுக்குப் பதில் பொறுமை. நேற்று இரவு தகப்பன் செத்துப்போனவனும் இன்று காலை 59 பவுண்டோடு வரிசையில் நிற்கலாம்.

இரண்டாவது பதில் அதே வருடம் ஏப்ரலில், அமெரிக்கன் ஏர்லைன்ஸிடமிருந்து வந்தது. அதன் மூளையாக இருந்தவர் ராபர்ட் க்ராண்டல். ‘சூப்பர் சேவர்’ என்று பெயர். நியூயார்க்குக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே 45 சதவீதம்வரை தள்ளுபடி. ஆனால் நிபந்தனை உண்டு. முப்பது நாள் முன்னால் வாங்க வேண்டும், போன இடத்தில் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு ஓடிப்போய் புதன்கிழமை திரும்புகிற கம்பெனி ஆளால் இந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது, அவர் முழுக் கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். உல்லாசப் பயணி நிறைவேற்றுவார், வந்து காலி இடத்தை நிரப்புவார். ஆளைப் பார்த்து விலை சொல்லக் கூடாது என்பதால், ஆட்கள் தாமாகவே பிரிந்து நிற்கிற மாதிரி விதிகளை வைத்தார்கள். போய்வரும் டிக்கெட்டைவிட ஒருவழி டிக்கெட் விலை கூடுதலாக இருக்கிற அபத்தம், சனிக்கிழமை இரவு தங்கினால் விலை குறையும் என்ற விதி எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இந்த எண்ணத்துக்குக் கணக்கு எழுதியவர் அதற்கும் முன்பே லண்டனில் இருந்தார். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு முன்னோடியான பி.ஓ.ஏ.சி.யில் வேலைபார்த்த கென் லிட்டில்வுட். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்நிறுவனம் 21 நாள் முன்னால் பதிவு செய்கிறவர்களுக்கு விலையைக் குறைத்தது. உடனே ஒரு சிக்கல். எல்லா இருக்கையையும் மலிவாக விற்றுத் தீர்த்துவிட்டால், கடைசி நாளில் முழுவிலை கொடுக்கத் தயாராக வருகிறவருக்கு இடமிருக்காது. எத்தனை இருக்கையைப் பிடித்து வைப்பது? 1972இல் லிட்டில்வுட் சொன்ன விதி ஒரு வரியில் அடங்கும். மலிவு விலை 300, முழு விலை 900 என்று வைத்துக்கொள்வோம். இந்த இருக்கைக்கு முழுவிலை கொடுக்கிற ஆள் பின்னால் வருவதற்கு மூன்றில் ஒரு பங்கை விட அதிக வாய்ப்பு இருந்தால், இப்போது கேட்கிறவருக்கு மலிவாகக் கொடுக்காதே, வைத்திரு. குறைவாக இருந்தால் கொடுத்துவிடு. 300ஐ 900ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த மூன்றில் ஒன்று.

இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுவிலை கொடுக்கிற ஆள் வரும் வாய்ப்பு. கம்பெனி மேனேஜர் அந்த வாய்ப்பில் இருக்கிறார். கூடவே ஊரில் அப்பாவோ அம்மாவோ உள்ள ஒவ்வொருவரும் இருக்கிறோம். யார் சாவார், யார் பிள்ளை கிளம்புவான் என்பது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ஆனால் பிப்ரவரி மாதத்து லண்டன்–சென்னை விமானத்தில் யாராவது ஒருவன் கடைசி நாளில் என்ன விலையானாலும் வாங்குவான் என்பது அதற்குத் தெரியும். அக்டோபரில் அந்தத் திருச்சி அம்மாவுக்கு 430க்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையை அது கொடுக்காமல் வைத்திருந்தது. அப்பா அப்போது நன்றாகத்தான் இருந்தார். காலையில் நடக்கப் போய்க்கொண்டிருந்தார்.

*

லேக்கரின் கதை சோகமாக முடிந்தது. 1978இல் சர் பட்டம் கிடைத்தது. 1979இல் சிகாகோவில் நடந்த பெரிய விபத்துக்குப் பிறகு டி.சி. 10 ரக விமானங்கள் சில வாரங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. அவரிடம் ஸ்கைட்ரெயினுக்கு இருந்தது அந்த ரகம்தான். பவுண்டு சரிந்தது, கடனோ டாலரில். பெரிய நிறுவனங்கள் அவர் விலைக்கே இறங்கி வந்து விற்றன. 1982 பிப்ரவரி 5, கம்பெனி திவால். பணம் அனுப்பிக் காப்பாற்றப் பார்த்தார்கள் பொதுஜனங்கள், நடக்கவில்லை. போட்டி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து ஒழித்தன என்று போட்ட வழக்கு 1985இல் பேசித் தீர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைச் சட்டம் போட்டே எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்தது பீப்பிள் எக்ஸ்பிரஸ். லேக்கர் மாதிரியே எல்லோருக்கும் எளிமையான மலிவு விலை, நெவார்க்கிலிருந்து லண்டனுக்கு 149 டாலர். 1985 ஜனவரியில் க்ராண்டல் அதன்மீது பாய்ந்தார். தன் விமானங்களில் சில இருக்கைகளை மட்டும் பீப்பிள் எக்ஸ்பிரஸின் விலைக்கு இறக்கினார், முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும். மீதியைப் பழைய விலைக்கே விற்றார். எந்த விமானத்தில் எத்தனை இருக்கையை எப்போது இறக்குவது என்பதைப் பார்த்துக்கொள்ள அவரிடம் சேபர் என்ற கம்ப்யூட்டர் அமைப்பு இருந்தது. எளிய விலைக்காரரிடம் அது இல்லை. இரண்டே வருடத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரே இல்லாமல் போனது.

அன்றிலிருந்து உலகம் க்ராண்டல் வழியில்தான் போகிறது. ஒரே எகானமி வகுப்புக்குள் ஆங்கில எழுத்துகளால் பிரித்த பத்துப் பன்னிரண்டு விலைக் கூடைகள். மலிவான கூடை தீர்ந்தால் அடுத்தது. நிறைய விற்கவில்லையென்றால் மூடிய கூடை மறுபடி திறக்கும். நாம் ராத்திரி பார்த்த விலை காலையில் ஏறியிருந்தால், திருட்டுத்தனமாக நம்மைக் கண்காணித்து ஏற்றிவிட்டார்கள் என்று தோன்றும். இன்காக்னிட்டோவில் தேடு என்று எனக்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது, கூடையில் மிஞ்சியிருந்த கடைசி இருக்கையை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்பதுதான்.

எதிர்த்தரப்பிலிருந்தும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓரன் எட்ஸியோனி என்ற கணினிப் பேராசிரியர் தம்பி கல்யாணத்துக்கு வெகுமுன்னதாகவே டிக்கெட் வாங்கினார். விமானத்தில் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டால், பின்னால் வாங்கிய அவர் கொடுத்தது குறைவு. கோபத்தில் 12,000க்கும் மேற்பட்ட விலைகளைச் சேகரித்து, ‘இப்போது வாங்கு, பொறு’ என்று சொல்லும் ஒரு நிரல் எழுதினார். அது ஃபேர்காஸ்ட் ஆனது, 2008இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2014இல் அந்தக் கணிப்பு நிறுத்தப்பட்டது. கூகுள் 70 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஐ.டி.ஏ. நிறுவனத்தின் கார்ல் டி மார்க்கன் இன்னொன்றைக் காட்டினார். இருக்கிற கட்டண விதிகளையெல்லாம் பொதுவாக வைத்துப் பார்த்தால், மிக மலிவான டிக்கெட் எது என்பது எந்தக் கம்ப்யூட்டராலும் எப்போதும் தீர்க்க முடியாத கணக்கு. ஜோசியர் என்ற பட்டம் எனக்குப் பொருத்தம்தான்.

சாவுக்குப் போகிறவர்களுக்குத் தனிக்கட்டணம் என்று ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. அமெரிக்கனும் யுனைட்டடும் 2014இல் அதை நிறுத்தின. ஏர் கனடாவில் தொடர்ந்தது. பாட்டி இறந்து வான்கூவரிலிருந்து டொராண்டோ போன ஒருவரிடம், இப்போது முழுவிலைக்கு வாங்கிக்கொள், 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் வித்தியாசம் கிடைக்கும் என்று அந்நிறுவனத்தின் சாட்பாட் சொன்னது. விண்ணப்பித்தபோது அப்படி விதியே இல்லை என்றார்கள். சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற தொனியில் வாதாடவும் செய்தார்கள். 2024இல் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அந்தச் சாட்பாட் மீது எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. அந்த வரிசையில் மனிதர் மாதிரிப் பேசியது அது ஒன்றுதான்.

*

அந்த இரவு டிக்கெட் போடும்போது திரும்பும் தேதி கேட்டது. ஒருவழி மட்டும் வாங்கலாம், ஆனால் விலையில் பெரிய வித்தியாசமில்லை. பெட்டியில் கிடத்தியிருக்கிற அப்பாவை இன்னும் பார்க்கவில்லை, திரும்பும் தேதியை என்னவென்று போடுவது? லீவை நினைத்துக் குத்துமதிப்பாகப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போட்டேன். எங்கள் வழக்கத்தில் காரியம் பதினாறாம் நாள். தேதியை மாற்றலாமா என்று கேட்டதில், மாற்றும் கட்டணமும் அன்றைய விலை வித்தியாசமும் சேர்ந்து இன்னொரு டிக்கெட் விலைக்கு வந்தது. சித்தப்பாதான் பேசி முடித்தார். பதினொன்றாம் நாளே காரியம் வைத்துக்கொண்டோம். இப்போதெல்லாம் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள்.

கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா இருந்தா மொதல்ல இதத்தான் கேட்டிருப்பாரு. டிக்கெட் எவ்வளவுடா ஆச்சு?”

“நானூத்திப் பன்னெண்டும்மா.”

“நம்ம காசுக்கு?”

“நாப்பத்தோராயிரம் வரும்.”

“போன தடவ மாதிரியேதான்” என்றாள்.